பி.எச்.சி. மேசையில் நாட்டு மருந்துப் பொட்டலம்: புது டாக்டருக்குச் சில கட்டளைகள்

போஸ்டிங் கிடைத்துவிட்டது. ஊருக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் பஸ். குவார்ட்டர்ஸில் தண்ணீர் வருமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய கவலை ஓ.பி. வரிசையில் வாயைத் திறக்காமல் நிற்கிறது. "டாக்டர், நாட்டு மருந்தும் சாப்பிடறேன், உங்க மாத்திரையும் சேர்த்துப் போடலாமா?" என்று கேட்கிறவர் உங்கள் வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிட்டார். கேட்காமல் சீட்டை வாங்கிக்கொண்டு போகிறாரே, அவரால்தான் இந்தப் பட்டியலே.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று. இது அரசாங்கக் கணக்கு. அதே ஜனங்களுக்கு இன்னும் யார் யார் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பது எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர், குழந்தைக்குத் தொக்கம் எடுக்கிற பாட்டி, அக்கி எழுதுகிற குயவர், பாம்புக்கடிக்குப் பச்சிலை தருகிறவர், சந்தைக்கு வேனில் வந்து லேகியம் விற்கிறவர், பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஊசி போடுகிற 'டாக்டர்'. போதாததற்கு, உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே ஐந்தரை வருடம் முறையாகப் படித்த சித்தா டாக்டர் ஒருவர் இருக்கலாம். இவர்கள் எல்லோரையும் 'நாட்டு வைத்தியம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் நான் சர்வீஸில் சேர்ந்ததும் செய்த முதல் தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியவை

"வேற என்ன எடுத்துக்கறீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். "நாட்டு மருந்து சாப்பிடறீங்களா?" என்று புருவத்தை உயர்த்திக் கேட்டால் பதில் எப்போதும் "இல்லீங்க"தான். கஷாயத்தையும் பொடியையும் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "காலையில வெறும் வயித்துல ஏதாவது குடிப்பீங்களா? கஷாயம், சூரணம், லேகியம், யாராவது குடுத்த பொடி?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பத்தியம் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். "உப்பு சேர்த்துக்கறதில்ல" என்று பதில் வந்தால், எங்கேயோ ஒரு வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொட்டலத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். லைசென்ஸ் எண், தயாரிப்பாளர் முகவரி, சேர்மானப் பட்டியல் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதரசம், பாஷாணம், சேராங்கொட்டை போன்ற நச்சுப் பொருள்கள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்குச் சட்டத்தில் தனி அட்டவணை இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட்டாக வேண்டும். நியூஸ்பேப்பரில் மடித்துத் தந்த பொடிக்கு லேபிளும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் ஒரு ஆய்வு வெளியானது. அவற்றில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதோ ஒன்றாவது இருந்தது. பாட்டிலில் அடைத்து, கடையில் வைத்து விற்ற சரக்குக்கே இந்தக் கதி. காரணம் புரியாத வயிற்றுவலியோடு ரத்தசோகையும் சேர்ந்து வந்தால் ஈயத்தை நினையுங்கள். ஸ்கேனுக்கு எழுதும் முன் பொட்டலத்தைக் கேளுங்கள்.

"உடனே நிறுத்துங்க" என்று சொல்லும் முன் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; நான் சுட்டுக்கொண்ட இடம். ஆஸ்துமாவுக்கு வருடக்கணக்கில் ஒரு பொடி சாப்பிட்டுவந்த அம்மா ஒருவர் வந்தார். "மூச்சு நல்லாத்தான் இருக்கு, காலுதான் வீங்குது" என்றார். கன்னம் உப்பி நிலா மாதிரி முகம், மெலிந்து காகிதமான தோல், கையெல்லாம் கன்றிப்போன திட்டு. பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தக் குப்பையை இன்னைக்கே தூக்கி எறிங்க" என்றேன். எறிந்துவிட்டார். நான்காம் நாள் ரத்த அழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கி, வாந்தியும் மயக்கமுமாக ஆம்புலன்ஸில் வந்தார். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்திருக்கிறது. அவருடைய அட்ரினல் சுரப்பி வேலையை எப்போதோ மறந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். என் சாமர்த்தியத்தால் இல்லை, அன்றைக்கு ஜி.எச்.சில் ட்யூட்டியிலிருந்தவர் ஹைட்ரோகார்ட்டிசோன் போட யோசித்ததால். மூட்டுவலிப் பொடி, ஆஸ்துமா லேகியம் இரண்டிலும் இந்தக் கலப்படத்தை எதிர்பாருங்கள். சந்தேகம் வந்தால் அளவு தெரிந்த பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, மெதுவாகக் குறையுங்கள். நோயாளியிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். 'இங்கிலீஷ் மருந்து' வேண்டாம் என்று ஓடியவர், இத்தனை நாள் அதையேதான் அளவு தெரியாமல் தின்றுகொண்டிருந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

சித்தா டாக்டரின் அறைக்கு இன்றே போய் ஒரு டீ குடியுங்கள். உங்கள் ரூமுக்கும் அவர் ரூமுக்கும் நடுவே ஒரு வராண்டாதான். ஆனால் ஒரே நோயாளி இரண்டு சீட்டோடு நடப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. இருவரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: சர்க்கரை, பிரஷர், வலிப்பு, காசநோய் மாத்திரையை அவர் நிறுத்தச் சொல்லமாட்டார், அவருடைய மருந்து ஓடும்போது நீங்கள் அவரைக் கேட்காமல் "தூக்கிப் போடுங்க" என்று சொல்லமாட்டீர்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீரை அரசாங்கமே காய்ச்சி ஊற்றியது. அந்தத் துறையோடு உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். அதில் படித்து வந்தவர் உங்களோடு ஒரே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற ஊழியர். நோயாளி முன்னால் அவரை மட்டம் தட்ட உங்களுக்கு உரிமை கிடையாது.

மோதுகிற மருந்துகளின் பட்டியலை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். நீளமாக வேண்டாம். அதிமதுரம்: தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு: கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம். மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு: ஃபெனிட்டாயின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி: அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள குடும்பம், சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும். கண்வலிக்கிழங்கு: முதலில் வாந்தி பேதி, சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது போலத் தெரியும், சில நாள் கழித்து ரத்த அணுக்கள் சரியும், முடி கொட்டும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் போஸ்டிங் என்றால் இந்தக் கடைசிப் பெயரைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அங்கே அது வயலில் விளைகிற பயிர்.

கட்டுப் போட்ட கையோடு வந்தவரின் விரலை நீட்டிப் பாருங்கள். புத்தூர்க் கட்டு என்ற போர்டு இல்லாத ஊர் இல்லை. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டுக்குள் சதை வீங்கினால் ரத்த ஓட்டம் நிற்கும். விரலை மெல்ல நீட்டும்போதே நோயாளி அலறினால் கட்டைப் பிரியுங்கள், அந்த நிமிடமே. "வைத்தியர் கோவிச்சுக்குவார்" என்பார்கள். கோபித்துக்கொள்ளட்டும். சில மணி நேரம் தள்ளினால் கை ஆயுளுக்கும் மடங்கிப்போகும், இல்லை என்றால் எடுக்க வேண்டிவரும். பிறகு ஒரு நாள் அந்தக் கட்டுக்காரரைத் தேடிப் போய் நீங்களே பேசுங்கள். மரத்துப்போவது, விரல் நீலமாவது, வலி குறையாமல் ஏறுவது. இந்த மூன்றைச் சொல்லிக்கொடுத்து, "இப்படி இருந்தா பிரிச்சு என்கிட்ட அனுப்புங்க, உங்க பேரைக் கெடுக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். நான் பேசிய இருவரில் ஒருவர் கதவைச் சாத்தினார். இன்னொருவர் அந்த வருடமே ஒரு பையனை அனுப்பினார்.

பாம்புக்கடிக்காரர் பச்சிலை தின்றுவிட்டு வந்தால் திட்டாமல் மணியைப் பாருங்கள். கடித்து எத்தனை நேரம் ஆனது என்பதுதான் இப்போது முக்கியம். காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் சோதனை பொய்யாகிவிடும். உறையவில்லை என்றால் விரியன். தரையில் படுத்திருந்தவர் விடிகாலையில் வயிற்றுவலி என்று வந்து, இமையும் தொங்குகிறது என்றால் கடித்த தடமே இல்லாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள். இறுக்கிக் கட்டிய கயிற்றை, விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கும் முன் வெடுக்கென்று அவிழ்க்காதீர்கள்.

தர்மசங்கடம் இங்கேதான் இருக்கிறது. அலர்ஜி வந்தால் என்ன செய்வது என்று பயந்து, ஒரு குப்பிகூடப் போடாமல் "ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்க" என்று எழுதுகிற டாக்டர்கள் உண்டு. அட்ரினலினை சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு, விஷம் ஏறியதற்கு அடையாளம் இருந்தால் முதல் டோஸைத் தொடங்கிவிட்டு அனுப்புங்கள். விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் 1978 முதல் பாம்பைப் பிடித்துக் கறந்து கொடுக்கிறார்கள். அந்த மருந்து உங்கள் ஃப்ரிட்ஜில் உட்கார்ந்திருப்பதற்காக இல்லை. தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடி அறிவிக்க வேண்டிய நோய், ரிப்போர்ட்டையும் அனுப்பிவிடுங்கள்.

நாய்க்கடிக்கு வேர் மருந்து சாப்பிட்டவரையும் ஊசிக்கு உட்காரவையுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்பியிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மற்ற நோய்களில் பேரம் பேச நேரம் உண்டு. வெறிநோயில் அறிகுறி வந்துவிட்டால் பேச ஆள் இருக்கமாட்டார்.

கெடுதல் இல்லாததை விட்டுக்கொடுங்கள். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலையை எடுக்கச் சொல்லி உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? "அம்மா இறங்கியிருக்கா, மருந்து குடுக்கக் கூடாது" என்பார்கள். "அம்மா இருக்கட்டும், வேப்பிலையும் இருக்கட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் குடுத்துக்கிறேன், ஆஸ்பிரின் வேணாம்" என்று பேரம் பேசுங்கள். அந்த வீட்டில் கர்ப்பிணியோ, பச்சைக் குழந்தையோ, வயதுக்கு வந்தபின் அம்மை கண்ட பெரியவரோ இருந்தால் மட்டும் விடாதீர்கள். அவர்களுக்குத்தான் நுரையீரலில் இறங்கும். அக்கிக்குக் காவி எழுதிக்கொள்ளட்டும்; கூடவே 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிரும் போகட்டும். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து, அன்றே கண் டாக்டரிடம்.

மனநோய்க்காகச் சாமியிடம் தங்குகிறவருக்கு மாத்திரையையும் கொடுத்தனுப்புங்கள். சங்கிலிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் போகாதே என்று சொன்னால் குடும்பம் உங்களிடம் வருவதைத்தான் நிறுத்தும். அந்த இரண்டு இடத்திலும் பிரார்த்தனையும் மனநல மருத்துவமும் பக்கத்தில் பக்கத்தில் நடந்திருக்கின்றன.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "கீழாநெல்லி சாப்பிட்டா மஞ்சள் காமாலை போயிருமா?" என்று கேட்பார்கள். "தண்ணியால வர்ற காமாலை பெரும்பாலும் தானாவே சரியாகும்மா, அதனால எதைச் சாப்பிட்டாலும் அது குணமாக்கின மாதிரித் தெரியும். உங்களுக்கு வந்திருக்கிறது அந்தக் காமாலைதானான்னு முதல்ல பார்க்கணும்" என்பது நேர்மையான பதில். எலிக்காய்ச்சல், பித்தப்பைக் கல் அடைப்பு, கர்ப்பிணிக்கு வரும் ஹெப்படைட்டிஸ் ஈ எல்லாம் அதே மஞ்சள் கண்ணோடுதான் வரும். நேர்மையாகப் பேசினால் ரத்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்வார்கள்.

மறுத்துப் போகிறவரின் மறுப்பை எழுதி வையுங்கள். என்ன சொன்னீர்கள், என்ன ஆபத்து என்று விளக்கினீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், தேதி, நேரம், கையெழுத்து. உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கவும், கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தரவும் 2002-ம் ஆண்டு மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. கையெழுத்து வாங்கியதோடு கதவைச் சாத்தாதீர்கள். "முடியலைன்னா ராத்திரி ஆனாலும் வாங்க" என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவார்கள்.

பக்கவிளைவைப் பார்த்தால் ரிப்போர்ட் செய்யுங்கள். 1800-180-3024 கட்டணமில்லா எண். சித்த மருந்து என்றால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் எழுதலாம். நீங்கள் எழுதாவிட்டால் அதே பொடி பக்கத்து ஊர்ச் சந்தையில் விற்கும்.

செய்யக்கூடாதவை

ஏளனம் செய்யாதீர்கள். "இந்தக் காலத்துல போய்..." என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் விழுங்கிவிடுங்கள். ஒருமுறை கூனிக்குறுகிப் போன நோயாளி அடுத்த முறை பொய் சொல்வார். பொய்யை நம்பி நீங்கள் எழுதுகிற டோஸ் அவரைக் கொல்லலாம். வரிசையில் பின்னால் நிற்கிற இருபது பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

கேட்டார்கள் என்பதற்காக ஊசி போடாதீர்கள். "ஒரு ஊசி போட்டா சரியாயிரும் டாக்டர்." இதை ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்பீர்கள். பி-காம்ப்ளெக்ஸ்தானே, என்ன கெட்டுப்போகும் என்று தோன்றும். நோயாளிக்கும் திருப்தி, வரிசையும் நகரும். ஆனால் பயன் இல்லை என்று தெரிந்தே போடுகிற ஊசி, மந்திரித்த கயிற்றுக்கு அண்ணன். கயிறாவது சீழ் வைக்காது. தெருக்கோடி 'டாக்டர்' டெக்ஸாவும் டைக்ளோஃபினாக்கும் கலந்து போட்டு ராத்திரியோடு வலியைப் போக்குகிறார். அவரோடு ஊசிப் போட்டியில் நீங்கள் ஜெயிக்க முடியாது. ஊசியை மறுத்த கையால் நோயாளியைத் தொடுங்கள். ஸ்டெதாஸ்கோப்பை வையுங்கள், வயிற்றை அமுக்கிப் பாருங்கள், நாக்கை நீட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் ஊசி கேட்பது, டாக்டர் நம்மைத் தொடக்கூட இல்லையே என்ற குறையால்தான். முதல் இரண்டு மாதம் "இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று ஊர் பேசும். பேசட்டும். குளுக்கோஸ் பாட்டில் கேட்பவர்களுக்கும் இதேதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மருந்தை எழுதாதீர்கள். சேர்மானம் தெரியாத ரகசிய மருந்தை டாக்டர் எழுதுவதோ பரிந்துரைப்பதோ நெறி மீறல் என்று 2002 விதிகளே சொல்கின்றன. இதை நாட்டு வைத்தியருக்கு எதிரான விதி என்று நினைத்துக்கொண்டு, ரெப் கொடுத்துவிட்டுப் போன மூலிகைக் கல்லீரல் டானிக்கை நீங்களே எழுதாதீர்கள். அதில் என்ன இருக்கிறது, எந்த ஆய்வு சொன்னது என்று உங்களால் சொல்ல முடியாது என்றால், நீங்களும் சந்தை வேன்காரரும் ஒரே தொழிலில் இருக்கிறீர்கள்.

படிக்காத முறையில் வைத்தியம் பார்க்காதீர்கள், மற்றவரைப் பார்க்க வைக்காதீர்கள். ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தெரியாத முறையில் சிகிச்சை செய்ததே கவனக்குறைவுதான் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். லீவில் போகும்போது காலிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுச் சித்தா டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவசரத்துக்கு உதவுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஏதாவது நடந்தால் கையெழுத்து உங்களுடையது.

போலி டாக்டரோடு சமரசம் செய்துகொள்ளாதீர்கள். பாரம்பரிய வைத்தியர் தன்னை வைத்தியர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். இவரோ உங்கள் பட்டத்தைத் திருடி போர்டில் மாட்டியிருக்கிறார். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-ன் கீழ் இதற்கு ஒரு வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் கொடுங்கள். ஊருக்குள் நின்று சண்டை போடாதீர்கள். உங்கள் பாதுகாப்பு முக்கியம், அவருக்கு ஊரில் சொந்தக்காரர்கள் அதிகம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிறவர் அவராகவே இருப்பார். அந்த இடத்தை நீங்களும் உங்கள் ஸ்டாஃப் நர்ஸும் நிரப்பாவிட்டால், ஒருவர் போனால் இன்னொருவர் போர்டு மாட்டுவார்.

கமிஷன் கவரைத் தொடாதீர்கள். ஸ்கேன் சென்டரிலிருந்து வந்தாலும் சரி, லேகிய வேனிலிருந்து வந்தாலும் சரி. காலையில் பி.எச்.சி.யில் "ஸ்டாக் இல்ல" என்று சொல்லிவிட்டு, மாலையில் சொந்த கிளினிக்கில் அதே மருந்தை எழுதுவதும் கமிஷன்தான். கூலி வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அப்படிச் செலவாகிற நானூறு ரூபாய் ஒரு நாள் கூலி. கிராமத்தில் இது யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். டீக்கடைக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

பெரியவருக்குக் கொடுக்கிற சலுகையைக் குழந்தை விஷயத்தில் கொடுக்காதீர்கள். தன் உடம்புக்கு என்ன மருந்து என்று தீர்மானிக்கப் பெரியவருக்கு உரிமை உண்டு. பச்சைக் குழந்தை எதற்கும் சம்மதம் தரவில்லை. காமாலைக்கு வயிற்றில் சூடு போடுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரலை விட்டோ குழாயால் ஊதியோ தொக்கம் எடுப்பது, சளிக்குக் கற்பூரத்தை உள்ளுக்குக் கொடுப்பது: இங்கெல்லாம் பேரம் இல்லை. எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரும். கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். வசம்பைச் சுட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவுவதைப் பார்த்து நான் எதுவும் சொன்னதில்லை. குழந்தை வாயில் வைக்கும்போது கையைப் பிடித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட மோசமானது, இன்சுலின் மட்டுமே உயிர்பிடிப்பான டைப் 1 சர்க்கரைக் குழந்தைக்கு "வேரோட குணமாக்கறேன்" என்று ஒருவர் சொல்லி, பெற்றோர் ஊசியை நிறுத்துவது. சில நாளில் கோமா. அந்த வீட்டுக்கு அன்றைக்கே வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) அக்காவோடு நேரில் போங்கள். கெஞ்சுங்கள், பாட்டியைப் பிடியுங்கள், வாத்தியாரைக் கூப்பிடுங்கள். ஒன்றும் பலிக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள். ஊர் உங்களோடு ஒரு மாதம் பேசாது.

வீட்டிலேயே பிரசவம் என்று நிற்கிற தம்பதியரை முதல் சந்திப்பிலேயே போலீஸ் சொல்லி மிரட்டாதீர்கள். 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் நடத்திய பிரசவத்தில் தாய் இறந்தார். இது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மிரட்டினால் செக்கப்புக்கு வருவதை நிறுத்திவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் பிரசவத்தில் யாரோ அறைந்திருப்பார்கள், இல்லை கேட்காமல் கிழித்துத் தைத்திருப்பார்கள். அம்மாவையோ மாமியாரையோ கூடவே இருக்க விடுகிறேன், சொல்லாமல் எதுவும் செய்யமாட்டேன் என்று உங்களால் உறுதி தர முடியுமா? முடியும் என்றால் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். அது உங்கள் லேபர் வார்டிலேயே சண்டையைக் கிளப்பும், கிளப்பட்டும்.

மருந்து விற்கிறவர் மேடையில் ஏறாதீர்கள். திருவிழாவில் மாலை போட்டு உட்கார வைப்பார்கள். அடுத்த வாரம் சர்க்கரைச் சூரண நோட்டீஸில் உங்கள் போட்டோ இருக்கும். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

நோயாளியின் விஷயத்தை வராண்டாவில் பேசாதீர்கள். ஊர் சிறியது. யார் யாருக்கு மாமன் மச்சான் என்று உங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகாத பெண்ணின் யூரின் ரிப்போர்ட்டோ, காசநோய்ச் சீட்டோ சத்தமாகப் படிக்கப்பட்டால், அவர் மறுநாள் யாருக்கும் தெரியாத வைத்தியரைத் தேடிப் போவார். வாட்ஸப் குரூப்பில் "இன்ட்ரஸ்டிங் கேஸ்" என்று போட்டோ போடுவதும் வராண்டாவில் பேசுவதுதான்.

"நீங்கதான் எங்களுக்கு எல்லாம்" என்ற வார்த்தையில் மயங்கிக் கையை மீறி எதையும் செய்யாதீர்கள். ஜி.எச். நாற்பது கிலோமீட்டர், போக முடியாது, நீங்களே கிழித்துவிடுங்கள், நீங்களே எடுத்துவிடுங்கள் என்பார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் தெரிந்ததைச் செய்யுங்கள். அந்த அவசரம் இல்லை என்றால், பயிற்சி இல்லாத காரியத்தைப் பாசத்துக்காகச் செய்யாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை கூடவே நில்லுங்கள். ரெஃபரல் சீட்டில் அவர் சாப்பிட்ட பச்சிலையின் பெயரையும் எழுதுங்கள். அங்கே இருக்கிற டாக்டர் அதைக் கேட்கமாட்டார்.

காசை வாங்காதீர்கள், இளநீரை மறுக்காதீர்கள். வைத்தியருக்கு வெற்றிலை பாக்கு வைத்துப் பழகிய ஊர், உங்களுக்கும் ஏதாவது வைக்கப் பார்க்கும். வெயிலில் வெட்டித் தந்த இளநீரை வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படும், குடித்துவிடுங்கள். சிகிச்சைக்கு முன்னால் வருவது எதுவானாலும் திருப்பி அனுப்புங்கள். குணமான பிறகு, நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் நாட்டுக்கோழியைக் கட்டிவிட்டுப் போனால், யார் வீட்டுக் கோழி என்று வி.எச்.என். அக்காவுக்குத் தெரியும். அவரையே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.